கறுப்புத் திரைக்கு ஃபார்மட் வைத்தியமா?

"அப்டேட் போட்டேம்ணே, பொறவு வெறும் கறுப்பு ஸ்கிரீன்தான்." நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைக்கு லினக்ஸ் மடிக்கணினியோடு போய் இப்படிச் சொன்னால், "ஃபார்மட் அடிச்சிருவோமா?" என்று கேட்டுவிட வாய்ப்பு அதிகம். வேண்டாம் என்று சொல்லுங்கள். செத்திருப்பது பெரும்பாலும் திரையில் தெரியும் டெஸ்க்டாப் மட்டும்தான். படங்களும் கோப்புகளும் வட்டில் பத்திரமாக இருக்கும்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. கிடைத்தவர்கள் பலர், பழுது பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர்கள்தான் இல்லை.

நம்மூரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தை. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவுகூட வேண்டாம், பேட்டரி போன பழைய மடிக்கணினியில் அப்டேட் ஓடும்போது கரண்ட் ஒரு நிமிஷம் போனால் போதும். சில பேக்கேஜ்கள் பிரிக்கப்பட்டும் அமைக்கப்படாமலும் பாதியில் நிற்கும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பெரும்பாலும் எழுத்துத் திரை வரும். அதில் நுழைந்து டிபிகேஜி என்ற பேக்கேஜ் கருவிக்கு 'கான்ஃபிகர்' கட்டளை கொடுத்தால், உபுண்டு, டெபியன் வகையறாவில் விட்ட வேலையை அது தொடர்ந்து முடிக்கும். வட்டில் இடம் மிச்சம் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். நிரம்பிய வட்டும் இதே கறுப்பைக் காட்டலாம்.

என்விடியா கார்டு உள்ளவர்களுக்கு வேறு தலைவலி. லினக்ஸின் மையமான கெர்னல் புதிதாகும்போது அதற்கேற்ற டிரைவரும் உருவாக வேண்டும். உருவாகாவிட்டால் திரை வராமல் போகலாம். கம்ப்யூட்டர் எழும்பும்போது கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் அன்றைய வேலை நடக்கும். டிரைவரை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை, எழுத்துத் திரையிலிருந்தே புதிய பயனர் ஒருவரை உருவாக்குவது. அந்தப் பெயரில் நுழைந்தால் டெஸ்க்டாப் ஒழுங்காக வருகிறதா? அப்படியானால் லினக்ஸ் மேல் குற்றமில்லை. உங்கள் 'கான்ஃபிக்' ஃபோல்டரிலோ, நீங்கள் ஆசையாய்ப் போட்டுவைத்த எக்ஸ்டென்ஷனிலோ இருக்கிறது கோளாறு. 2023இல் க்னோம் டெஸ்க்டாப்பின் 45ஆம் பதிப்பு வந்தபோது, பழைய எக்ஸ்டென்ஷன்கள் திருத்தி எழுதப்படும்வரை அதில் ஓடவே இல்லை.

விஷயம் தெரிந்தவர்களையும் அவசரம் விடாது. 2021இல் கனடாவின் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை நிறுவப் போனார். பேக்கேஜ் பட்டியலில் கோளாறு இருந்தது உண்மை. ஆனால் டெஸ்க்டாப்பே நீக்கப்படும் என்று திரை எச்சரித்து, ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்து சம்மதிக்கச் சொன்னது. அவரும் செய்தார். டெஸ்க்டாப் போயே போய்விட்டது. 'ஒய்' தட்டும் முன் 'ரிமூவ்டு' என்ற பட்டியலைப் படிக்க அரை நிமிஷம் ஆகுமா?

நிதானத்துக்குப் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டினால் கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் அன்றாடப் பாடம். அங்கே பள்ளிகளின் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் அரசின் கைட் நிறுவனம் நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு பதிப்பையே அடிப்படையாக எடுக்கிறது. 2024இல் வந்தது 22.04ஐ ஒட்டியது, அந்த உபுண்டுவுக்கு 2027 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. ஆறு மாதத்துக்கொரு முறை புதுப்பதிப்புக்குத் தாவும் நம் இளைஞர்கள், வீட்டில் அப்பா பேங்க் வேலை பார்க்கும் மடிக்கணினியிலாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பையே போடலாம்.