படம் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் – ஏன்?

பிரிக்ஃபீல்ட்சிலோ கிள்ளானிலோ ஒரு பரதநாட்டிய அரங்கேற்றம் நடக்கிறது. கேமரா படம் பிடிக்கிறது. ஒலி தனியாகக் கணினியில் பதிவாகிறது. பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் புஷ்பாஞ்சலி சரியாக இருக்கிறது; தில்லானாவில் பாதம் ஒரு பக்கம், நட்டுவாங்கம் ஒரு பக்கம்! பார்ப்பவர்கள், தாளம் தப்பியது என்று ஆடிய பெண்ணைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் தப்பியது கருவிகளின் கடிகாரம்.

கேமராவுக்கு ஒரு கடிகாரம், கணினியின் ஒலிக்கருவிக்கு வேறொரு கடிகாரம். இவற்றை இணைக்கத்தான் ‘டைம்கோட்’ எனும் காலக்குறி பயன்படுகிறது. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் உருவான இம்முறையில், படத்தின் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் எண் என்று ஒரு முகவரி உண்டு. மலேசியத் தொலைக்காட்சியில் விநாடிக்கு 25 ஃபிரேம். அதாவது ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லி விநாடி. இந்த முகவரி கம்பி வழியே வந்ததும், புரோ டூல்ஸ், கியூபேஸ் போன்ற மென்பொருள்கள் அதைப் படித்து உரிய இடத்திலிருந்து ஓடத் தொடங்குகின்றன.

இத்துடன் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. டைம்கோட் ‘எந்த இடம்’ என்று சொல்கிறது. ‘எந்த வேகம்’ என்பதை ஒலிக்கருவியின் கடிகாரமே தீர்மானிக்கிறது. இரு கடிகாரங்களும் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு மட்டும், எதிரெதிராகப் பிசகினால் போதும். ஒரு மணி நேரத்தில் 72 மில்லி விநாடி விலகும். மூன்று மணி நேர அரங்கேற்றத்தில் 216 மில்லி விநாடி, அதாவது ஐந்து ஃபிரேமுக்கும் மேல்!

இது கண்ணுக்குத் தெரியுமா? தெரியும். படத்தைவிட ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே மனிதர் உணரத் தொடங்குவர் என்கிறது அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரை. பிந்தினால் 125 வரை உணர்வதில்லை. மின்னலுக்குப் பின் இடி வருவது இயற்கை. முன்னால் வந்தால்தான் உறுத்தும்.

ஆகவே கேமரா, ஒலிக்கருவி இரண்டுக்கும் ஒரே மூலத்திலிருந்து கடிகாரத் துடிப்பு போக வேண்டும். ஒலித்துறையில் இதை ‘வேர்ட் கிளாக்’ என்பார்கள். ஃபிரேம் எண்ணிக்கையும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். படம் 29.97 என்றும் மென்பொருள் 30 என்றும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி வேறுபடும்.

இத்தகைய கருவிகளை வாங்க வசதியில்லாத சிறு குழுக்களுக்கும் வழி உண்டு. பதிவின் தொடக்கத்தில் கிளாப் அடிப்பது வழக்கம். கருவிகளை நிறுத்தாமல் முடிவிலும் ஒருமுறை அடிக்க வேண்டும். முதல் கிளாப்பைப் பொருத்திய பிறகு கடைசிக் கிளாப் எவ்வளவு விலகியிருக்கிறதோ, அவ்வளவுதான் கடிகாரங்களின் பிசகு. ஒலியை அந்த அளவுக்கு நீட்டினாலோ சுருக்கினாலோ தாளம் மீண்டும் பாதத்தோடு சேர்ந்துவிடும்.