தலைகீழாத் தெரிஞ்ச தேவதை!

முரளியை ஞாபகம் இருக்கா பாஸ்? 1991-ல கதிர் இயக்கத்துல வந்த ‘இதயம்’ படத்துல, காதலைச் சொல்ல முடியாமத் தவிக்கிற மெடிக்கல் ஸ்டூடன்ட்! வாட்ஸ்அப் வந்த பிறகும் அந்த ரகம் அழியலை. எங்க காலேஜ் சிவில் டிபார்ட்மென்ட்லயே ஒருத்தர் இருக்கார்.

‘பேர் போட்டா கொன்னுடுவேன்’ங்கிற மிரட்டலோட ஆரம்பிச்சார் அந்த ஃபைனல் இயர் அண்ணன்.

“அவகிட்ட ஸ்கேல் கடன் கேட்கவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. பக்கத்துப் பக்கத்து ரோல் நம்பர். அதனால ஒரே லேப் பேட்ச். சர்வே கிளாஸ்ல அவ ஸ்டாஃப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. நான் பழைய டம்பி லெவல்ல பார்த்து ரீடிங் எடுக்கணும். அதுல எல்லாமே தலைகீழாத்தான் தெரியும். நேர்ல நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லாத நான், அவளைத் தலைகீழாவே பார்த்துட்டிருந்தேன். ரீடிங் தப்பாச்சு. சார் திட்டினப்போ, ‘ஸ்டாஃபை நான்தான் சாய்ச்சுப் பிடிச்சிட்டேன் சார்’னு பழியை அவ ஏத்துக்கிட்டா!”

அப்புறம் ரெக்கார்டு நோட்டு கைமாறி, கேன்டீன் டீ வரைக்கும் வந்து, ஆறாவது செமஸ்டர்லதான் அண்ணன் வாயைத் திறந்தார். ‘யோசிக்கணும்’னு பதில். நாலு மாசம்... இவர் திரும்பக் கேட்கவே இல்லை. ப்ளேஸ்மென்ட்ல இவருக்கு வேலை கிடைக்காத அன்னிக்கு, பக்கத்துல வந்து உட்கார்ந்து ‘சரி’ன்னு மட்டும் சொன்னாங்களாம்!

“பின்னாடியே வந்து நச்சரிச்சிருந்தா ‘நோ’தான். டைம் கொடுத்தான் பாருங்க, அதான் பிடிச்சது” என்கிறார் அந்த அக்கா.

வீட்டுல சொல்றதுதான் பாக்கி. அது எந்த சிலபஸ்லயும் இல்லாத பேப்பராச்சே!

கூச்ச சிகாமணிகளே... மனசுல இருக்கிறதைச் சொல்லிடுங்க. ‘நோ’ வந்தா, கௌரவமா நகர்ந்துடுங்க!