இணையச் சந்தையில் தகராறு வந்தால்

வீட்டில் முறுக்குச் சுட்டு, ஷோப்பி, லாசாடா போன்ற இணையச் சந்தைகளில் விற்கும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. ஒரு நாள் கைப்பேசியில் செய்தி வருகிறது: "முறுக்கெல்லாம் தூள். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்." என்ன செய்வது?

கோபத்தில் பதில் எழுதக் கூடாது. பொட்டலம் பல கை மாறிப் போகிறது. வாங்கியவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். "படம் அனுப்புங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். அந்தப் பேச்சு சந்தையின் செய்திப் பகுதியிலேயே இருக்கட்டும். அதைப் பார்த்துத்தான் சந்தைக்காரர் தீர்ப்புச் சொல்வார்.

அதுவரை உங்கள் பணம் சந்தைக்காரரிடம் நிற்கும். கொடுத்த தவணைக்குள் பதில் சொல்லாவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பணம் கைநழுவிப் போகலாம். ஆகவே பொட்டலத்தை ஒட்டுமுன் சரக்கையும் எடையையும் படம் பிடியுங்கள். அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அவையே உங்கள் சாட்சி.

விற்ற பொருள் நாம் எழுதிய விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். வாங்கியவர் 5 வெள்ளி கட்டி, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். அங்கே பொதுவாக வழக்கறிஞர்கள் வாதாடுவதில்லை; நீங்களே பேசலாம். அழைப்பு வந்தால் அஞ்சாமல் போங்கள். போகாவிட்டால், நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும்.

குறை நம்முடையதென்றால் மன்றம்வரை போவானேன்? உடனே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பொட்டலத்தின் விலையை மறுவாரமே சம்பாதிக்கலாம். கெட்ட பெயரை மாற்ற நெடுநாளாகும்.