கொத்தனாரின் கையும் சிமெண்டும்
தோல் எதை உள்ளே விடுகிறது?

மும்பையிலும் பெங்களூரிலும் கட்டிட வேலைக்கு வந்த தமிழர்கள் ஏராளம். சாரத்தின் மேல் கொத்தனார், கீழே சட்டி சுமக்கும் சித்தாள் என்று இரண்டு தலைமுறையாக இந்தப் பிழைப்பில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. இவர்களில் பலருக்கு விரல் இடுக்கில் வெடிப்பு, புறங்கையில் அரிப்பு. "சிமெண்ட் தின்னுடுச்சு" என்று சொல்லித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். சிலருக்கு ஆறிவிடும். சிலருக்கு ஆறுவதே இல்லை. கலவையைத் தொட்டாலே கை வீங்கி நீர் வடியும். மேஸ்திரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

காரணத்தை அறியத் தோலின் மேல் படலத்தைப் பார்க்க வேண்டும்.

செங்கல்லும் சாந்தும்

இந்தப் படலமும் ஒரு சுவர்தான். செத்துத் தட்டையான செல்கள் செங்கல். அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்பு சாந்து. பதினைந்து, இருபது வரிசை இருக்கும். அத்தனையும் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் கனம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் தடிப்பு அதிகம்.

சாந்து கொழுப்பாக இருப்பதால் தண்ணீரில் மட்டும் கரையும் பொருள்கள் எளிதில் புகுவதில்லை. எண்ணெயில் கரைகிற சிறிய பொருள்களே புகும். மூலக்கூறு எடை 500-ஐத் தாண்டினால் நுழைவது கடினம். இன்சுலினின் எடை சுமார் 5,800. சர்க்கரை வியாதிக்காரர் அதைத் தடவிக்கொள்ள முடியாமல் ஊசி போட்டுக்கொள்வது இதனால்தான். நிகோடினின் எடை 162. ஆகவே புகைப்பதை விட நினைப்பவர் தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வழியாகவே அது ரத்தத்துக்குப் போய்விடுகிறது.

அந்தக் காலத்து டைனமைட் தொழிற்சாலைகளில் திங்கட்கிழமை தோறும் தொழிலாளிகளுக்கு மண்டை பிளக்கும். நைட்ரோ கிளிசரின் கை வழியே உள்ளே போய் ரத்தக் குழாய்களை விரித்ததே காரணம். அடுத்த நாட்களில் உடம்புக்கு அது பழகிவிடும். ஞாயிறு விடுமுறையில் பழக்கம் விட்டுப்போகும். மறுநாள் பழையபடி தலைவலி! அதே மருந்தை இன்று நெஞ்சுவலிக்காரர்களுக்குத் தோலில் ஒட்டுகிறார்கள்.

எல்லா இடமும் ஒன்றல்ல

அமெரிக்காவில் பெல்ட்மன், மைபாக் என்ற இரு டாக்டர்கள் 1967-ம் ஆண்டு ஒரு மருந்தை உடம்பின் பல இடங்களில் தடவி அளந்தார்கள். முன்கையில் புகுந்தது 1 பங்கு என்றால் நெற்றியில் 6 பங்கு, தாடை ஓரத்தில் 13 பங்கு, விதைப்பையில் 42 பங்கு. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான். கலவைக் கையை லுங்கியில் துடைப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது. ஈரத்தில் ஊறிய தோலில் இன்னும் அதிகம் புகும்.

குரோமியம்

ஈரச் சிமெண்டில் சுண்ணாம்பின் காரம் கடுமை. அது சாந்தாகிய கொழுப்பையே அரிக்கிறது. அந்த விரிசலில் சிமெண்டில் சிறிதளவு கலந்திருக்கும் குரோமியம் புகுந்து உடம்பின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உடம்பு அதைப் பகையாக எண்ணிப் போர் தொடுக்கிறது. அந்தப் பகை ஒருமுறை மூண்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தீராது. ஆறாத கைகளில் பலவற்றின் கதை இதுதான்.

தடுக்க முடியாததல்ல. டென்மார்க்கில் 1981-ல் சிமெண்டுடன் இரும்பு சல்பேட் சேர்க்கத் தொடங்கினார்கள். குரோமியம் தோலுக்குள் எளிதில் புகாத வடிவத்துக்கு மாறியது. கான்கிரீட் தொழிலாளிகளிடையே இந்த நோய் வெகுவாகக் குறைந்தது. 2005 முதல் ஐரோப்பிய யூனியன் முழுவதும், புகக்கூடிய வடிவக் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். செலவு பெரிதல்ல. கொத்தனார் கைக்கு மதிப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் நாட்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் குரோமிய நோய்களும் சேர்ந்திருந்தன. ஆனால் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. வாரத்துக்கு ஒரு இடம் மாறும் சித்தாளுக்கு எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கும்?

மண்ணெண்ணெய் கூடாது

பெயிண்டர்களும் மெக்கானிக்குகளும் மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ கை கழுவுவது வழக்கம். அழுக்கோடு தோலின் கொழுப்பும் கரைந்து போகிறது. பிறகு எதுவும் உள்ளே புகலாம். சோப்பும் நிறையத் தண்ணீரும் போதும். துடைத்த பின் எண்ணெய் தடவலாம்.

ரப்பர் கையுறை நல்லதே. ஆனால் அதற்குள் கலவை வழிந்துவிட்டால் உடனே கழற்றிக் கையைக் கழுவ வேண்டும். உள்ளே தேங்கிய கலவை வெறுங்கையில் பட்டதைவிட மோசமாகப் புண்ணாக்கும். பூட்ஸுக்குள் போன கலவைக்கும் இதே கதி. வலி தெரியச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் சதை வெந்திருக்கும்.