மருந்தடித்த சட்டைக்குத் தனிக் கொடி

வெயிலில் மொடமொடவென்று காய்ந்த வேட்டியை உடுத்தும் சுகமே தனி. ஆனால், பருத்திக்கு மருந்தடித்த சட்டையும் கைலியும் குழந்தைகளின் துணியோடு ஒரே கொடியில் தொங்கும் வீடுகள் இன்னும் உண்டு. துவைப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான், அதுவும் வெறுங்கையால்!

மருந்துபட்ட துணியை அன்றைக்கே, கையுறை மாட்டிக்கொண்டு, தனி வாளியில் அலசிவிட்டு, சோப்புத்தூள் கலந்த சுடுநீரில் துவைக்க வேண்டும். இ.சி. வகை மருந்துகள் எண்ணெய்ப் பசையுள்ளவை. வெறும் தண்ணீருக்குப் போகாது. தண்ணீர் கலக்காத மருந்து கொட்டி ஊறிய துணியைத் துவைக்கவே வேண்டாம், கழித்துவிடுங்கள். அலசிய நீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது.

பிறகு நல்ல வெயிலில் தனிக் கொடி. துணியில் தங்கிய மிச்சமும் வெயிலில் ஓரளவு சிதையும். பழைய இரும்புக் கம்பி துருக்கறை ஏற்றும். நைலான் கயிறே மேல். கீரைப்பாத்திக்கும் மாட்டுத் தொட்டிக்கும் மேலாக மட்டும் கட்டாதீர்கள்.