நாடிக்குள் ஒரு தாமரைக் கிழங்கு

லிந்துலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு அஞ்சியோகிராம் செய்த டொக்டர், “கட்டி பழையது, உள்ளே ஓட்டைகள் விழுந்திருக்கின்றன” என்றாராம். அடைப்புக்குள் ஓட்டை எப்படி வரும்?

சின்ன வயதில் எங்கள் லயத்துக்கு மேலே மண் சரிந்து கான் அடைபட்டது. யாரும் வெட்டிவிடவில்லை. தண்ணீர் தானே நாலைந்து பொந்து குடைந்துகொண்டு கசிந்து இறங்கியது. இதய நாடியை அடைத்த இரத்தக்கட்டியும் அப்படித்தான். கரையாமல் தங்கிவிட்டால் நாளடைவில் நாராக இறுகி, அதற்குள் மெல்லிய வழிகள் திறக்கின்றன. குறுக்கே பார்த்தால் நாம் கறி வைக்கிற தாமரைக் கிழங்கேதான். மருத்துவர்களும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

அஞ்சியோகிராமில் இது எளிதில் பிடிபடாது. அதில் தெரிவது சாயமருந்து ஓடும் நிழல் மட்டுமே. அந்த இடம் மங்கலாக, பின்னிய சடை போலத் தெரியும். புதுக் கட்டியா, நாடிச்சுவர் கிழிந்ததா என்று குழப்பும். அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது, ஒளியால் உள்ளே படமெடுக்கும் ஓசிடி முறை. 1991இல் அமெரிக்காவில் அதை உருவாக்கியவர்கள் முதன்முதலில் காட்டிய படங்களே விழித்திரையும் இதய நாடியும்தான். மணிக்கட்டு வழியாக ஏற்றும் குழாய்க்குள் ஓர் ஒளியிழை சுழன்றுகொண்டே பின்வாங்கும். இரத்தம் ஒளியை மறைக்கும்; ஆகவே சாயமருந்தைப் பீச்சி இரத்தத்தை விலக்கி, இரண்டு மூன்று செக்கனுக்குள் படமெடுத்துவிட வேண்டும். மில்லிமீற்றரில் நூறில் ஓரிரு பங்குவரை தெரியும். செங்குழியம் நிறைந்த புதுக் கட்டி ஒளியை விழுங்கி, பின்னால் கருநிழலை விழுத்தும். கிழங்கின் ஓட்டைகளோ தடுப்புச் சுவர்களோடு துலக்கமாக நிற்கும்.

புதுக் கட்டியைச் சிலவேளை உறிஞ்சி எடுக்கலாம். பழையதில் உறிஞ்ச ஒன்றுமில்லை. மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு தடிப்புள்ள கம்பியை ஓர் ஓட்டைக்குள் நுழைத்து, பலூனால் தடுப்புகளை உடைத்து, ஸ்டென்ட் வைப்பார்கள்.

என்னை உறுத்துவது வேறு. இப்படியொரு கிழங்கு விளைய, முன்பொரு நாள் அங்கே கட்டி அடைத்திருக்க வேண்டும். அன்றைக்கு நெஞ்சு நொந்திருக்கலாம். வாய்வு என்று இஞ்சிப் பிளேன்டீ குடித்துவிட்டு, அரைப்பேர் ஆகி அரைநாள் சம்பளம் போய்விடுமே என்று மலைக்கு ஏறிய எத்தனை பேரை எனக்குத் தெரியும்! நோவைப் பொறுப்பதைத் தைரியம் என்று நமக்கு யாரோ பழக்கிவிட்டார்கள். அது தவறு.

பலூன் சிகிச்சைக்குத் தலவாக்கலையிலிருந்து கண்டிக்குப் போக மலைப்பாதையில் மணிக்கணக்காகும். இரண்டு மணி நேரத்துக்குள் பலூன் சிகிச்சை கிடைக்காத இடத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. அதையும் முதல் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் நல்ல பலன். நெஞ்சு இறுகி, வியர்த்து, நோவு தாடைக்கோ கைக்கோ பரவினால் உடனே 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.