உழவு இயந்திரத்தின் நீர்க்குழாய் ஒழுகினால்



செட்டிகுளப் பகுதியிலே காலபோக விதைப்புக்குக் கிடைக்கும் நாட்கள் மிகச் சில. ஒக்டோபரில் மழை விழுந்து நிலம் ஈரம் பிடித்ததும் உழவு தொடங்குகின்றது. மழை கனத்துச் சேறு மிகுமுன் புழுதி விதைப்பு முடிந்துவிட வேண்டும். குளத்து நீரை நம்பி விதைக்கும் வயல்களிலோ, பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் குறித்த நாளுக்கு எல்லோரும் ஒருங்கே ஆயத்தமாக இருத்தல் அவசியம். இக்காலத்தில் ஒருவருடைய உழவு இயந்திரம் நின்றுவிட்டால், அவருடைய வயல் மாத்திரமன்றி அவ்வியந்திரத்தை வாடகைக்கு எதிர்பார்த்திருக்கும் அயலவர் பலருடைய வயல்களும் தரிசாய் நின்றுவிடக் கூடும்.

இயந்திரம் நின்றுபோவதற்குப் பெரிய பழுதொன்று வேண்டுமென்பதில்லை. றேடியேற்றரையும் எஞ்சினையும் இணைக்கும் ஒரு முழ நீளமும் இல்லாத இறப்பர்க் குழாய் வெடித்தாலே போதும். கராச்சுகளில் இதனை 'ஓஸ்' என்பர். இதனை மாற்றுதல் வீட்டு முற்றத்திலேயே செய்யத்தக்க எளிய வேலையாகும். ஆயினும், அவசரத்தினால் எஞ்சினையும் கெடுத்துக் கையையும் சுட்டுக்கொள்வோர் உளர். ஆதலால், இவ்வேலையை ஒழுங்காகச் செய்யும் முறையை இங்கு விளக்குவோம்.

குழாய் செய்யும் வேலை

டீசல் எரியும்போது உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதியே உழவு வேலைக்குப் பயன்படுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகையுடனும் எஞ்சினைச் சுற்றியோடும் நீருடனும் வெளியேறுகின்றது. எஞ்சினிற் சூடேறிய நீர் மேற்குழாய் வழியே றேடியேற்றருக்குச் சென்று, விசிறிக் காற்றினால் ஆறி, கீழ்க்குழாய் வழியே மீண்டும் எஞ்சினுக்கு வருகின்றது. நீர்ப்பம்பி இதனை இடைவிடாது சுற்றிவரச் செய்கின்றது.

இந்நீர் வெறும் சுடுநீர் அன்று. அமுக்கத்தின் கீழ் உள்ள சுடுநீர் ஆகும். பழைய உழவு இயந்திரங்கள் பலவற்றின் றேடியேற்றர் மூடி, சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும்படி அமைந்தது. அவ்வமுக்கத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதியாது. ஏறக்குறைய 111 பாகையிலேயே கொதிக்கும். மோட்டார்க் கார்களில் அமுக்கம் இதன் இருமடங்கு வரை இருக்கும். எனவே, குழாயில் ஒரு சிறு வெடிப்பு உண்டாயினும் நீர் விரைந்து வெளியேறுகின்றது. நீர் குறைந்த எஞ்சின் சில நிமிடங்களுக்குள் அளவுக்கு மிஞ்சிச் சூடாகின்றது. அப்போது 'ஹெட்' எனப்படும் மேல்மூடி வளைதலும், அதன் கீழுள்ள கஸ்கற் எரிதலும், பிஸ்ரன் இறுகுதலும் நேரிடும். சிறு தொகையிற் போயிருக்க வேண்டிய செலவு எஞ்சினை முற்றாகக் கழற்றும் செலவாகின்றது.

மேலும், நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மோட்டார் வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டுகளிற் பழைய இயந்திரத்தைப் பேணுவதே பலருக்கு ஒரே வழியாயிற்று. 1964இல் முதன்முதல் வெளிவந்த மசி பேர்குசன் 135 போன்ற மாதிரிகள் இன்றும் வயல்களில் உழைக்கின்றன. இரும்பு நெடுங்காலம் உழைக்கும். இறப்பர் அவ்வாறு உழைப்பதில்லை என்பதை மறத்தலாகாது.

ஒழுக்கைக் கண்டறிதல்

இயந்திரத்தின் கீழே ஈரம் கண்டவுடன் குழாயைக் கழற்ற வேண்டாம். முதலில் ஒழுக்கு எங்கிருந்து வருகின்றதென அறிதல் வேண்டும். எஞ்சின் நன்கு ஆறியபின் குழாய்களையும் அவற்றின் அந்தங்களையும் துணியாற் துடைத்து உலர்த்துக. பின் எஞ்சினை இயக்கி, விசிறிக்குக் கையையும் உடையையும் தூரமாக வைத்துக்கொண்டு, ஈரம் முதலிற் தோன்றும் இடத்தை அவதானியுங்கள்.

ஈரம் கிளிப்பின் அருகே தோன்றினால், எஞ்சின் ஆறியபின் கிளிப்பின் ஆணியைச் சற்று இறுக்கிப் பாருங்கள். பல சமயங்களில் அதுவே போதும். நீர்ப்பம்பியின் கீழுள்ள சிறு துவாரத்திலிருந்து நீர் சொட்டினால் பழுது பம்பியில் உள்ளது. றேடியேற்றரின் செதில்களிடையே ஈரம் கண்டால் அதனை ஒட்டுவேலை செய்வோரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும். இவ்விரண்டும் குழாயை மாற்றுவதாற் தீரா.

குழாய் பழுதானதற்குரிய அடையாளங்கள் வருமாறு: மேற்புறத்தில் நுண்ணிய வெடிப்புகள், நீர் காய்ந்து படிந்த வெண்மையான அல்லது பச்சையான கறை, எண்ணெய் பட்ட இடத்தில் வீக்கம், அமுக்கும்போது மரம்போல் விறைப்பு அல்லது களிபோல் மென்மை. குழாய்கள் உட்புறமாகவும் பழுதடைகின்றன. பெரும்பாலும் அந்தங்களை அடுத்த ஓரிரு அங்குல இடத்திலேயே இது நிகழ்கின்றது. ஆகையால், எஞ்சின் ஆறியிருக்கையில் குழாயின் நடுவையும் அந்தங்களையும் விரல்களால் அமுக்கி ஒப்பிடுக. அந்தம் நடுவைவிட மென்மையாக இருந்தால், வெளியே அழகாகத் தோன்றினும் அக்குழாயை நம்ப வேண்டாம்.

வேண்டிய சாமான்கள்

புதிய குழாய், புதிய கிளிப்புகள் இரண்டு, திருப்புளி அல்லது கிளிப்பின் ஆணிக்குப் பொருந்தும் ஸ்பானர், கூரிய கத்தி, மெல்லிய அரத்தாள், சுத்தமான துணி, அகன்ற பாத்திரம், வாளி, நிரப்புவதற்குக் கூலன்ற் என்பன போதுமானவை.

குழாய் வாங்க வவுனியா நகருக்குச் செல்வோர், இயந்திரத்தின் மாதிரியையும் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, இயலுமாயின் பழைய குழாயையும் உடன் கொண்டுசெல்க. நேரான குழாயை வளைத்துப் பொருத்தினால் வளைவில் மடிந்து நீரோட்டம் தடைப்படும். கீழ்க்குழாய் பம்பியின் உறிஞ்சுதலுக்கு உட்படுவதால், சில மாதிரிகளில் அது சப்பையாகாதபடி உள்ளே கம்பிச் சுருள் இருக்கும். பழைய குழாயில் அச்சுருள் இருந்தால் புதியதிலும் அஃது இருத்தல் வேண்டும். ஒரு குழாய் முதுமையினால் வெடித்திருந்தால் மற்றதும் அதே வயதினதே. இரண்டையும் ஒருங்கே மாற்றுதல் சிக்கனமாகும்.

செய்யும் முறை

1. ஆறவிடுதல். இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்திக் கைத்தடையை இட்டுச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். குறைந்தது ஒரு மணித்தியாலம் ஆறவிடுக. மேற்குழாயைக் கையால் முற்றாகப் பற்றியிருக்கக் கூடியதாயும், அமுக்கும்போது உள்ளே விறைப்பு இல்லாததாயும் இருந்தாலன்றி மூடியைத் தொடுதல் ஆகாது. சூடான மூடியைத் திறந்தால் அமுக்கம் நீங்கியவுடன் நீர் ஆவியாகச் சீறி எழுந்து முகத்தையும் கையையும் அவித்துவிடும். ஆறிய பின்னரும், தடித்த துணியை மூடிமேல் இட்டு, முகத்தை விலக்கி, முதற்படிவரை மெதுவாகத் திருப்பி, ஓசை அடங்கிய பின்னரே கழற்றுக.

2. நீரை வடித்தல். றேடியேற்றரின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரைப் பாத்திரத்திற் பிடியுங்கள். மேற்குழாயை மாற்றுவதாயின் நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கினாற் போதும். கீழ்க்குழாயாயின் முழுவதையும் வடித்தல் வேண்டும். கூலன்ற் இனிப்புச் சுவையுடைய நஞ்சாகும். சிறுவர், நாய், ஆடு, மாடு என்பன அதனைக் குடிக்க இடங்கொடுக்க வேண்டாம். கிணற்றருகிலோ வாய்க்காலிலோ ஊற்றவும் வேண்டாம்.

3. பழைய குழாயைக் கழற்றுதல். கிளிப்புகளைத் தளர்த்திக் குழாயின் நடுப்பக்கம் நகர்த்துக. குழாயை இழுக்குமுன் இருபுறமும் திருகி அசைத்துப் பாருங்கள். ஒட்டியிருந்தால் திருப்புளியைச் செருகி நெம்ப வேண்டாம். பழைய றேடியேற்றரின் கழுத்து மென்மையான பித்தளையாலானது. நெம்பினால் நெளியும், அன்றி ஒட்டு விட்டுப்போகும். கத்தியால் குழாயை நீளவாட்டிற் கீறிப் பிளந்து உரித்தெடுங்கள். பழைய குழாய் எப்படியும் எறியப்படுவதே. கழுத்தை அவ்வாறு எறிய முடியாது.

4. கழுத்தைத் துப்புரவு செய்தல். குழாய் பொருந்தும் உலோகக் கழுத்துகளில் ஒட்டிய இறப்பரையும் துருவையும் மெல்லிய அரத்தாளால் தேய்த்து அகற்றி, ஈரத்துணியாற் துடையுங்கள். இதனைச் செய்யாது விட்டால் புதிய குழாயும் ஒழுகும்.

5. புதிய குழாயைப் பொருத்துதல். கிளிப்புகளை முதலிற் குழாயின்மேற் கோத்துவிடுங்கள். குழாய் இலகுவாக ஏறுவதற்கு அதன் உட்புறத்தைச் சுத்தமான நீரால் நனைத்தாற் போதும். எண்ணெயும் கிறீசும் பூச வேண்டாம். அவை இறப்பரை ஊதி மென்மையாக்கிக் கெடுக்கும். குழாய் கழுத்திலுள்ள மேட்டைத் தாண்டி நன்கு உட்செல்ல வேண்டும். கிளிப்பு அம்மேட்டுக்கு அப்பால், எஞ்சினை அல்லது றேடியேற்றரை நோக்கிய பக்கத்தில் அமைய வேண்டும். மேட்டின் மேலேயே இறுக்கினால் வழுக்கிக் கழன்றுவிடும். குழாய் விசிறியிலோ விசிறிப் பட்டியிலோ உராயாதிருத்தலையும் கவனிக்க. கிளிப்பை இறுக்கமாக, ஆனால் இறப்பர் பிதுங்கி வெட்டுப்படாத அளவிற்கு இறுக்குங்கள்.

6. நீர் நிரப்புதல். அடித்திருகை மூடி, காற்று வெளியேறத்தக்கதாக மெதுவாக நிரப்புக. மூடியைப் போடாமல் எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் இயக்குங்கள். தேர்மோஸ்ற்றற் திறந்ததும் மேற்குழாய் சூடாகும். உள்ளே அடைபட்ட காற்றுக் குமிழிகளாக வெளிவந்து நீர்மட்டம் இறங்கும். வாயினின்று முகத்தை விலக்கி வைத்து, இறங்கிய அளவுக்குச் சிறிது சிறிதாகச் சேருங்கள். நீர் விரிவதற்காகக் கழுத்தின் கீழே ஏறக்குறைய ஓரங்குல இடம் விட்டு மூடியை இடுங்கள்.

7. மீண்டும் பார்த்தல். எஞ்சினை நன்கு சூடாகும்வரை இயக்கி ஒழுக்கைப் பாருங்கள். மறுநாட் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் கிளிப்புகளை மீண்டும் ஒருமுறை இறுக்கி, நீர்மட்டத்தையும் சரிபார்க்க. புதிய இறப்பர் முதற் சூட்டில் சற்று அமிழ்வதால் இது தவறாது செய்யவேண்டியதாகும்.

எந்த நீரை ஊற்றலாம்?

"எங்கள் நாட்டிற் பனி உறைவதில்லை, கூலன்ற் எதற்கு?" என்று வினவுவோர் உளர். அதன் பயன் உறைதலைத் தடுப்பது மாத்திரமன்று. அது கொதிநிலையை உயர்த்துவதுடன் துருவையும் தடுக்கின்றது. வரண்ட வலயத்துக் கிணற்று நீர் பல இடங்களிலே கடினமானது. அந்நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெண்ணிறப் படிவு உண்டாவதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். அப்படிவே றேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைக்கின்றது. ஆதலால், அடர்த்தியான கூலன்றைக் கலப்பதற்கு வடித்த நீரையோ, சுத்தமாகச் சேர்த்த மழைநீரையோ பயன்படுத்துக. கலவையின் அளவைப் போத்தலிற் குறித்தபடி கொள்ளுங்கள்.

வயல்நடுவிற் குழாய் வெடித்தால்

எஞ்சினை உடனே நிறுத்துங்கள். "வரம்பு வரை போய்விடலாம்" என்ற எண்ணமே பல எஞ்சின்களைக் கெடுத்தது. சூடான எஞ்சினில் வாய்க்காற் குளிர்நீரை ஊற்ற வேண்டாம், இரும்பு வெடிக்கும். முற்றாக ஆறியபின், வெடிப்பின் இருபுறமும் துடைத்து உலர்த்தி, பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாகக் கீறி, இழுத்து நெருக்கமாகப் பல சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். நீர் நிரப்பி, மூடியை முதற்படியளவில் மாத்திரம் இடுங்கள். அப்போது அமுக்கம் ஏறாது. கலப்பையை உயர்த்தி, பின்னாற் பூட்டிய பெட்டியைக் கழற்றி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு மெதுவாக வீடு சேருங்கள். முள் ஏறினால் நிறுத்தி ஆறவிடுக. இது வீடு சேர்வதற்குரிய உபாயமே, உழுவதற்குரியதன்று.

மோட்டார்க் கார், வான் வைத்திருப்போரும் இம்முறையையே பின்பற்றலாம். ஆனால், அவற்றுட் பலவற்றில் மின்விசிறி உண்டு; எஞ்சின் நின்றிருக்கும்போதும் அது திடீரெனச் சுழலக் கூடும். எனவே, வேலை தொடங்குமுன் பெற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுக. நிரப்பிச் சோதிக்கும்போது அதனை மீண்டும் பூட்டுங்கள். புதிய கார்களின் றேடியேற்றர்க் கழுத்துப் பிளாத்திக்காலானது. அதைத் தேய்க்கவும் நெம்பவும் கூடாது. அரத்தாளுக்குப் பதிலாக ஈரத்துணியையே உபயோகிக்க.

சுடுநீர் பட்டுவிட்டால், உடனே அவ்விடத்தின்மேற் குளிர்ந்த சுத்தமான நீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, நெய் முதலியவற்றைப் பூச வேண்டாம். முகம், கண், கை ஆகியவற்றிற் பட்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

முடிவாக

இவ்வேலைக்கு உரிய காலம் விதைப்புக் காலமன்று. அதற்கு முன்னுள்ள புரட்டாதி மாதமாகும். சிறுபோகம் முடிந்து இயந்திரம் ஓய்ந்திருக்கும் நாளொன்றில் இரு குழாய்களையும் அமுக்கிப் பாருங்கள். விசிறிப் பட்டியையும் மூடியின் இறப்பர் வளையத்தையும் உடன் பாருங்கள். ஐயமுள்ள குழாயை அப்போதே மாற்றிவிடுங்கள். மாற்றி எடுத்ததில் ஓரளவு நல்லதாக உள்ளதை எறியாது கருவிப்பெட்டியில் வைத்திருங்கள், வயல்நடுவிற் கைகொடுக்கும்.

முதல் மழை எவருக்காகவும் காத்திராது. அது விழும் நாளில் உங்கள் இயந்திரம் முற்றத்தில் அன்றி வயலில் நிற்க வேண்டுமாயின், மேகம் கறுக்குமுன் அரைநாளை இதற்கென ஒதுக்குங்கள்.